மலாக்காவில் வந்த இரயிலும் போன இரயிலும்

புதிதாக ஒரு நாட்டில் கால் வைப்பவன் முதலில் கேட்பது, அவ்வூருக்கு எப்படிப் போவது என்னும் கேள்வியையே. அவ்வூரை ஆண்டவர் யார், கோட்டையைக் கட்டியவர் யார் என்பனவெல்லாம் அதற்குப் பின்னரே எழும். ஆயினும் வழியைப் பற்றிய இக்கேள்வியையே சிறிது ஆழ்ந்து நோக்கினால் அந்நாட்டின் வரலாறு முழுவதும் அதனுள் அடங்கியிருக்கக் காணலாம். வழியை அமைத்தவர் யார், அதில் சென்றவர் யார், அது அழிந்தபோது இழந்தவர் யார் என்னும் மூன்றையும் கேட்டுப் பார்த்தால், அரசியல் வரலாறு சொல்லாத பல செய்திகளை வழிகள் சொல்லும். மலாக்கா மாநிலம் இதற்குத் தக்க சான்று.

மலாக்கா நகருக்குத் தெற்கே, ஜாசின் வட்டாரத்தில், ஜொகூர் எல்லையை ஒட்டி அமைந்துள்ள சிற்றூர் சுங்கை ரம்பாய். மெர்லிமாவைக் கடந்து மூவாருக்குச் செல்லும் கரையோரச் சாலையில் அது இருக்கிறது. சுற்றிலும் தோட்டங்கள். இவ்வூரிலிருந்து ஒருவர் வெளியூர் செல்ல ஒவ்வொரு காலத்திலும் என்னென்ன வழிகள் இருந்தன என்று ஆராய்ந்தால், மலாக்காத் தமிழரின் கதையில் ஒரு பெரும்பகுதி விளங்கிவிடும்.

காற்றை நம்பிய காலம்

மலாக்காவின் முதல் வழி கடலே. 1400-ஆம் ஆண்டையொட்டி அங்கு அரசு அமைந்த பின், சோழ மண்டலக் கரையிலிருந்து துணிமூட்டைகளுடன் மரக்கலங்கள் வந்தன. தென்மேற்குப் பருவக் காற்று கலங்களைக் கிழக்கு நோக்கிச் செலுத்தும். வடகிழக்குப் பருவக் காற்று அவற்றைத் தாயகத்திற்குத் திருப்பும். வந்தவுடன் திரும்ப இயலாது. காற்று மாறும்வரை தங்கியே ஆகவேண்டும். இந்தக் காத்திருப்பே குடியிருப்பாயிற்று. தங்கிய வணிகர் சிலர் உள்ளூர்ப் பெண்களை மணந்தனர். மலாய் மொழி பேசிச் சைவ நெறி பேணும் மலாக்காச் செட்டிகள் என்னும் சமூகம் அவ்வாறு தோன்றியது. அவர்கள் 1781-இல் அமைத்த பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் நகரின் நடுவே இருக்கிறது. கப்பல்கள் அன்றைக்கே வந்து அன்றைக்கே திரும்பக் கூடியனவாக இருந்திருந்தால் இச்சமூகம் தோன்றியிருக்குமா என்பது எண்ணத்தக்கது.

அக்காலத்தில் மலாக்காத் துறைமுகத்தில் நாட்டுவாரியாக வணிகரைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தனர் என்பது வரலாறு. 1511-இல் போர்த்துகீசியர் நகரைக் கைப்பற்றிய பின்னும் தமிழ் வணிகரின் செல்வாக்கு உடனே மறையவில்லை. நயினா செட்டி என்னும் வணிகரைப் போர்த்துகீசியர் பெண்டகாரா என்னும் உயர்பதவியில் அமர்த்தினர். 1641-இல் டச்சுக்காரரும், 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஆங்கிலேயரும் அடுத்தடுத்து ஆட்சியைப் பெற்றனர்.

1796-இல் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாவின் தன்வரலாற்றில் தமிழாசிரியர்கள் மகிழத்தக்க ஒரு செய்தி உண்டு. அந்நகரத்து வணிகர் தம் பிள்ளைகளுக்குக் கணக்கு வழக்கிற்காகத் தமிழ் கற்பிப்பது வழக்கம் என்றும், தாமும் அவ்வாறே கற்றதாகவும் அவர் எழுதியிருக்கிறார். வழியில் வந்தவரின் மொழி, ஊரார் கற்கும் மொழியாக இருந்த காலம் அது. அதே அப்துல்லா 1838-இல் சிங்கப்பூரிலிருந்து கிளந்தானுக்குப் பாய்க்கப்பலில் சென்று, அப்பயணத்தைத் தனி நூலாகவும் எழுதினார். மலாய்த் தீபகற்பத்தில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்ல, தரைவழியை விடக் கடல்வழியே எளிதாக இருந்தது என்பதற்கு அந்நூல் சான்று.

காடும் மாட்டு வண்டியும்

தரைவழி எவ்வளவு அரிதாக இருந்தது என்பதை நானிங் போர் காட்டுகிறது. மலாக்காவின் உட்பகுதியான நானிங்கின் தலைவர் டோல் சாயிட் ஆங்கிலேயருக்கு வரி கொடுக்க மறுத்தார். 1831-இல் சென்னைக் காலாட்படைச் சிப்பாய்கள் பீரங்கிகளுடன் அனுப்பப்பட்டனர். மரங்களை வெட்டி வழியில் சாய்த்தே நானிங் மக்கள் அப்படையை மடக்கிவிட்டனர். படை பீரங்கிகளை இழந்து திரும்பிற்று. மறு ஆண்டு படை மெல்லச் சென்றது. காட்டை வெட்டிச் சாலை அமைத்துக்கொண்டே முன்னேறியது. தாபோ என்னும் தலைமையிடம் 1832 ஜூனில் வீழ்ந்தது. சில மைல் தொலைவைக் கடக்க ஓர் அரசுக்குப் பல மாதங்களாயின. அப்படையில் நடந்தவருள் தென்னிந்தியர் பலர் என்பதும், நீரிணைக் குடியேற்றங்களின் பழைய சாலைகளில் இந்தியக் கைதிகளின் உழைப்பு கலந்திருந்தது என்பதும் நினைவில் வைக்கத்தக்கன.

சாலை வந்தபின் மாட்டு வண்டி வந்தது. மரவள்ளிக் கிழங்கும் பிற விளைபொருளும் உட்பகுதியிலிருந்து நகருக்கு மாட்டு வண்டியில் இறங்கின. கூரை வேய்ந்த மலாக்கா மாட்டு வண்டி அம்மாநிலத்தின் அடையாளங்களுள் ஒன்றாகவே ஆயிற்று. வண்டியோட்டுவதிலும் மாடு வளர்ப்பதிலும் தமிழர் தேர்ந்தவராக இருந்தமையால், நீரிணைக் குடியேற்றங்களில் அத்தொழில் பெரிதும் அவர் கையிலிருந்தது. அயலூரிலிருந்து வந்த பயணி நகருக்குள் சுற்ற 1880-க்குப் பின் கைரிக்ஷா கிடைத்தது. தொலைவு செல்ல வேண்டுமானால் கரையோர நீராவிக் கப்பல். உள்ளே செல்ல வேண்டுமானால் மாட்டு வண்டி அல்லது கால்நடை. இவையே பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயணியின் முன்னிருந்த வழிகள்.

கம்பிச்சடக்கு

மலாயாவின் முதல் இரயில் பாதை 1885-இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே எட்டு மைல் நீளத்திற்கு அமைந்தது. ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டு சேர்ப்பதே அதன் நோக்கம். தொடக்கத்தில் போடப்பட்ட பாதைகள் எல்லாம் சுரங்கத்திலிருந்து கடலுக்கு இறங்குவனவே. பின்னரே அவற்றை இணைத்து வடக்குத் தெற்காக ஒரு நெடும்பாதை உருவாயிற்று. 1903-க்குள் பிறையிலிருந்து சிரம்பான் வரை இரயிலில் செல்ல முடிந்தது. 1909-இல் பாதை ஜொகூர் பாருவை எட்டியது.

இந்த நெடும்பாதை மலாக்கா நகரைத் தொடாமல், மாநிலத்தின் வடவெல்லையை மட்டும் உரசிச் சென்றது. ஆகவே தம்பினிலிருந்து தெற்கே மலாக்கா நகர்வரை ஏறத்தாழ 21 மைல் நீளமுள்ள கிளைப் பாதை ஒன்று போடப்பட்டு, 1905-இல் திறக்கப்பட்டது. தம்பின் நிலையம் என்று வழங்கிய அந்தச் சந்திப்பு, உண்மையில் மலாக்கா மாநிலத்து எல்லைக்குள் புலாவ் செபாங்கில் இருக்கிறது.

கிளைப் பாதை பிறந்த காலத்தையும் நோக்குதல் வேண்டும். 1896-இல் டான் சாய் யான் என்னும் சீனர் மலாக்காவில் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கர் நிலத்தில் இரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக முறையில் எழுந்த இரப்பர் தோட்டங்களுக்கு அது முன்னோடி. பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. மோட்டார் வண்டி பெருகப் பெருக இரப்பரின் விலை ஏறியது, தோட்டங்கள் பரந்தன, தமிழ்நாட்டிலிருந்து ஆள் திரட்டும் கங்காணி முறையும் வலுத்தது. பால் சீட்டுகள் மேலே சென்றதும் தொழிலாளர் கீழே வந்ததும் ஒரே பாதையில்தான்.

தோட்ட மக்கள் சாலையைச் 'சடக்கு' என்றனர். இரயில் பாதையைக் 'கம்பிச்சடக்கு' என்றனர். சடக்கு என்பது 'சடக்' என்னும் இந்துஸ்தானிச் சொல்லின் திரிபு. அதனோடு கம்பி என்னும் தமிழ்ச் சொல்லைச் சேர்த்துத் தண்டவாளம் பதித்த பாதைக்கு எழுத்தறியாத மக்கள் தாமே பெயர் சூட்டிக்கொண்டனர். கலைச்சொல் ஆக்கம் புலவர் அவையில் மட்டும் நிகழ்வதன்று என்பதற்கு இச்சொல் ஒன்றே போதும். அப்பாதைகளில் மண் வெட்டியவரும், சரளை பரப்பியவரும், பின்னர் பாதையைப் பேணியவரும் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளரே. நிலையத் தலைவராகவும் எழுத்தராகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணியாற்றினர்.

தெற்கே, ஆற்றுக்கு அப்பால், மூவாருக்கும் ஓர் இரயில் இருந்தது. 1890-இல் மூவார் நகரிலிருந்து பாரிட் ஜாவாவிற்கு ஜொகூர் அரசு அமைத்த அச்சிறு பாதை, நாட்டின் வேறெந்தப் பாதையோடும் இணையவில்லை. சாலைகள் பெருகிய காலத்தில், 1929-இல், அது மூடப்பட்டது. ஆக, 1905 முதல் 1929 வரை சுங்கை ரம்பாய் மக்களுக்கு வடக்கே ஓர் இரயிலும் தெற்கே ஓர் இரயிலும் இருந்தன. இடையே சடக்கும் பரிசலும் மட்டுமே. மூவார் ஆற்றைத் தஞ்சோங் அகாசிலிருந்து படகில்தான் கடக்க வேண்டும். அங்குச் சுல்தான் இஸ்மாயில் பாலம் திறக்கப்பட்டது 1967-இல்தான்.

தோட்டத்திலிருந்து தஞ்சை வரை

1930-ஐயொட்டிச் சுங்கை ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஊருக்குச் செல்லும் ஒரு குடும்பத்தின் வழியை வரைந்து பார்க்கலாம். முதலில் சடக்கு வழியாக மலாக்கா நகர். அங்குக் கிளை இரயில். தம்பினில் இறங்கி, வடக்கே செல்லும் இரயிலில் மாறவேண்டும். பின்னர் போர்ட் சுவெட்டன்ஹாம் அல்லது பினாங்கு. அங்குக் கப்பல்.

அக்கப்பல்களுள் தமிழர் மறவாத பெயர் 'ரஜூலா'. 1926-இல் கட்டப்பட்ட அக்கப்பல் தொடக்கத்தில் 5,000-க்கு மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்லும் உரிமம் பெற்றிருந்தது. பாய் விரித்த இடமே படுக்கை. அண்டை வீட்டாராக அமைந்தவரே துணை. 1973 வரை அது இக்கடலில் ஓடியது. அதன் பின் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985-இல் தீ விபத்திற்கு ஆளானது. கப்பலில் ஊர் செல்லும் காலமும் அத்தோடு முடிந்தது.

நாகப்பட்டினத்தில் இறங்கியவருக்கு மீண்டும் ஒரு தண்டவாளம் காத்திருந்தது. நாகையிலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிராப்பள்ளி செல்லும் பாதை 1860-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது. தென்னிந்திய இரயிலின் கிளைகள் சிதம்பரம், கும்பகோணம், மதுரை, இராமேசுவரம் என்று கோயில் ஊர்களையெல்லாம் இணைத்திருந்தமையால், ஊருக்கு வந்தவர் தலயாத்திரையையும் முடித்துக்கொண்டு திரும்பினர். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு இரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பின்னர் கொழும்புக்கு இரயில் என்று ஒரே சீட்டில் இலங்கை வரை செல்லும் வசதியும் ஏற்பட்டது. 'போட் மெயில்' என்று மக்கள் வழங்கியது இதையே. தோட்டத் தொழிலாளர், வணிகர், யாத்திரிகர், வேடிக்கை பார்க்கும் வெள்ளையர் ஆகிய நால்வகையாரும் அதில் சென்றனர். மலாக்காவின் கிளைப் பாதை எவ்வளவு சிறியதாயினும், இப்பெரு வலையின் ஒரு நுனி அதுதான்.

பெயர்த்த தண்டவாளம்

1942 ஜனவரி நடுவில் ஜப்பானியப் படை மலாக்காவைக் கடந்து, கரையோரமாக மூவார் ஆற்றை அடைந்தது. அப்படையினர் பலர் மிதிவண்டியில் வந்தனர் என்பது பலரும் அறிந்ததே. ஆங்கிலேயர் தம் விளைபொருளுக்காக அமைத்த நல்ல சாலைகள் பகைவரின் மிதிவண்டிக்கும் நன்கு பயன்பட்டன. மூவாரில் அவர்களை எதிர்த்து நின்ற படைகளுள் இந்தியப் படையினரும் இருந்து பெரும் இழப்புக்கு ஆளாயினர்.

அதே ஆண்டில் சயாமிலிருந்து பர்மாவிற்கு இரயில் பாதை அமைக்க ஜப்பானியர் முனைந்தனர். நொங் பிளாடுக்கிலிருந்து தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். மலையும் காடும் மலேரியாவும் நிறைந்த வழி. அதற்குத் தண்டவாளம் வேண்டும்; ஆளும் வேண்டும். இரண்டையும் அவர்கள் மலாயாவிலிருந்தே எடுத்தனர். தம்பின்–மலாக்கா கிளைப் பாதை பெயர்க்கப்பட்டது. கிழக்குக் கரைப் பாதையிலும் ஒரு பெரும்பகுதி பெயர்க்கப்பட்டது. தோட்டங்களிலிருந்து ஆட்கள் கொண்டு செல்லப்பட்டனர். முதலில் நல்ல கூலி என்னும் ஆசை காட்டினர். பின்னர் வலிந்து பிடித்தனர். மலாயாவிலிருந்து சென்றோர் தொகை 70,000-க்கு மேல் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அவருள் மிகப் பெரும்பாலோர் தமிழர்.

பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் அடியிலும் பல்லாயிரவர் மாண்டனர். நேச நாட்டுப் போர்க் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் அங்கு வேலை செய்தனர். அவர்களில் ஏறத்தாழ 12,000 பேர் இறந்தனர். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. ஆசியத் தொழிலாளர் சாவு அதனினும் பன்மடங்கு. ஆயினும் அவர்களுள் பெரும்பாலோர் பெயரும் குறியும் இன்றிக் காட்டில் புதையுண்டனர். படைவீரனின் பெயர் ஏட்டில் இருந்தது. தொழிலாளியின் பெயர் பெரட்டுப் புத்தகத்தோடு போயிற்று.

இங்கு ஒன்றை நிறுத்தி எண்ண வேண்டும். மலாயாவின் கம்பிச்சடக்குகளில் சரளை பரப்பிய மக்களின் பிள்ளைகளே, மலாயாவிலிருந்து பெயர்த்த தண்டவாளங்களைக் காட்டில் மீண்டும் பதிக்கச் சென்றனர். எந்தப் பாதையில் தகப்பன் வேலைக்கு வந்தானோ, அந்தப் பாதையே மகனுக்கு முன்னால் சயாமுக்குச் சென்று கிடந்தது. மலாக்காவில் இரயில் இல்லாமற் போனதையும் தோட்ட லயங்களில் ஆண்கள் இல்லாமற் போனதையும் வரலாறு வெவ்வேறு ஏடுகளில் எழுதியிருக்கலாம். உண்மையில் இரண்டும் ஒரே நிகழ்ச்சி.

மீண்டதும் மீளாததும்

போர் முடிந்தபின் கிழக்குக் கரைப் பாதை மீண்டும் போடப்பட்டு, 1953-இல் முழுமை பெற்றது. மலாக்காக் கிளை மட்டும் மீளவில்லை. கிழக்குக் கரையின் உட்பகுதிகளுக்கு இரயிலை விட்டால் வேறு நல்ல வழி அன்று இல்லை. மலாக்காவிற்கோ சாலை இருந்தது, பஸ் இருந்தது, லாரி இருந்தது. வேறு வழியுள்ள ஊருக்கு இழந்த வழி திரும்புவது அரிது. 1956 பிப்ரவரி 20-ஆம் நாள், விடுதலைக்குரிய நாளை மலாக்காத் திடலில் மக்களுக்கு அறிவிக்க வந்த துங்கு அப்துல் ரகுமான், பத்து பெரண்டாம் விமான நிலையத்தில் வந்திறங்கி, மோட்டார் ஊர்வலமாக நகருக்குள் சென்றார். நாட்டின் மிகப் பெரிய செய்தி மலாக்காவிற்கு வந்தபோது அங்கு இரயில் இல்லை.

இதற்கு இணையான ஒரு நிகழ்ச்சி பாக் நீரிணையிலும் உண்டு. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் எழுந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு ஓர் இரயிலையும் கடல் கொண்டது. பாம்பன் பாலம் சில மாதங்களில் செப்பனிடப்பட்டது. இராமேசுவரத்திற்கு இரயில் திரும்பிற்று. தனுஷ்கோடிக்கு மட்டும் திரும்பவில்லை. இலங்கைக் கப்பல் இராமேசுவரத்திலிருந்து சில காலம் ஓடி, 1980-ஆம் ஆண்டுகளில் உள்நாட்டுப் போரால் நின்றது. இலங்கையில் தலைமன்னார்ப் பாதை 2015-இல் மீண்டும் திறக்கப்பட்டது; பாம்பனில் புதிய பாலம் 2025-இல் திறக்கப்பட்டது. இரு கரையிலும் தண்டவாளம் இருந்தும், ஒரே சீட்டில் கடலைக் கடக்கும் அந்தப் பழைய பயணம் வரவில்லை.

இரண்டையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை விளங்கும். தனுஷ்கோடியின் அழிவு இயற்கையால் வந்தது. அந்த இரவைத் தமிழ்நாடு ஆண்டுதோறும் நினைக்கிறது. மலாக்காப் பாதையின் அழிவு மனிதரால் வந்தது. அதை நினைப்பவர் சிலரே. சயாம் சென்றவரின் துயரைத் தமிழ் நாவல்களே பெரிதும் காத்துவந்தன. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண இரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகியவை குறிப்பிடத்தக்கவை. ஆவணம் வாய் திறவாத இடத்தில் கதை பேசியிருக்கிறது.

இன்றைய பயணியும் பழைய வழியும்

மலாக்கா 2008-இல் ஜார்ஜ் டவுனுடன் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்டது. உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். 1994-இல் முழுமையடைந்த வடக்குத் தெற்கு நெடுஞ்சாலையில் காரிலும் பஸ்ஸிலும் வருவோரே பெரும்பாலோர். இரயிலில் வர விரும்புவோர் புலாவ் செபாங்கில் இறங்கி, வேறு வண்டி பிடித்து நகருக்குச் செல்ல வேண்டும். 1905-இல் கிளை இரயிலுக்காக மாறி ஏறிய அதே சந்திப்பில், இன்றைய பயணி பஸ்ஸையோ வாடகை வண்டியையோ தேடுகிறான். மின்சார இரயில் விரைந்து வந்து அங்கு நிற்கிறது. அதற்கப்பால் 21 மைல் தெற்கே தண்டவாளம் இல்லை. ஏன் இல்லை என்று அப்பயணி கேட்டால், அவனுக்கு விடை சொல்லத் தெரிந்தவர் வேண்டும்.

அவ்விடையைச் சொல்லும் பொறுப்பு தமிழாசிரியர்க்குச் சிறப்பாக உரியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போய்விட்டன; லயங்கள் இடிந்தன; குடும்பங்கள் நகருக்குப் பெயர்ந்தன. சயாமிலிருந்து திரும்பியவர் தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் மட்டும் இன்னும் இருக்கின்றனர். சுங்கை ரம்பாயிலும் மெர்லிமாவிலும் ஜாசினிலும் உள்ள மாணவர், தத்தம் வீட்டு முதியவரிடம் எளிய மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதிவரலாம்: நம் குடும்பம் எந்தக் கப்பலில் வந்தது? எந்த வழியாகத் தோட்டத்தை அடைந்தது? நம்மில் யார் சயாமுக்குப் போனார், யார் திரும்பினார்? கட்டுரைப் பயிற்சிக்கு இதனினும் நல்ல பொருள் கிடைப்பது அரிது. பத்துப் பள்ளிகளில் இவ்வாறு திரட்டிய ஏடுகளை ஒன்று சேர்த்தால், பெயரின்றிப் போனவருள் சிலருக்கேனும் பெயர் கிடைக்கும்.

தண்டவாளத்தைப் பெயர்த்தவர் அதை எண்ணி எடுத்தனர். ஆட்களை எண்ணி வைப்பார் இலர். அந்தக் கணக்கைத் தொடங்குவது, பிந்தியாயினும், பள்ளிக்கூடத்தில் முடியும்.